அன்னை மரியாளின் சாவை இவ்வளவு பச்சையாக வரைந்தது அவமரியாதை இல்லையா?

இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் 'கன்னி மரியாளின் மரணம்' படத்தைப் பார்த்துவிட்டு, மனசு ஒப்பாமல்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவமரியாதையே இல்லை. ஞாயிறு பூசை தவறாத குடும்பம் எங்களுடையது. பக்தி இல்லாதவன் பேசுகிறான் என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம்.

என் அம்மா இறந்து வீட்டில் கிடத்தியிருந்தபோது, நீர் கோத்து வீங்கிய அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு தங்கை கதறினாள். "மோட்சத்துக்குப் போனவங்களுக்கு இப்படி அழலாமா?" என்று உறவுக்காரர் ஒருவர் அவளை அதட்டி உட்கார வைத்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ஒருமுறை பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இந்தப் படத்தை நேரில் பார்த்தேன். ஏறக்குறைய 3.7 மீட்டர் உயரம். மரியாளின் உடல் உப்பியிருக்கிறது, பாதங்கள் வெறுமையாக நீட்டியிருக்கின்றன. வானதூதர் ஒருவரும் இல்லை, தலையைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் மட்டும். இயேசுவின் சீடர்களான வயதான திருத்தூதர்கள் செய்வதறியாமல் நிற்கிறார்கள். தாழ்ந்த நாற்காலியில் இயேசுவைப் பின்பற்றிய மகதலா மரியா தன் மடியிலேயே கவிழ்ந்து அழுகிறார். முகம் தெரியவில்லை, பின்னங்கழுத்துதான் தெரிகிறது. காலடியில் செம்புப் பாத்திரம். எனக்கு அது என் தங்கைதான். அவளை அங்கே யாரும் அதட்டவில்லை.

உங்கள் சந்தேகம் அன்றைக்கே வந்ததுதான். ரோமில் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா ஆலயத்துக்காக 1601இல் லயெர்சியோ கெருபினி என்ற வழக்கறிஞர் வரையச் சொன்ன படம் இது. அங்கிருந்த கார்மேல் சபைத் துறவிகள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒரு விலைமாதைப் பார்த்து வரைந்தார் என்றும், உடலை வீங்கிப்போனதாகக் காட்டினார் என்றும் அக்காலத்தவர் காரணம் எழுதினார்கள். கார்லோ சரசேனி வரைந்த வேறொரு படம் அந்த இடத்துக்கு வந்தது. அதில் மரியாள் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறார். அழகான படம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கரவாஜியோவின் படத்தை வாங்கும்படி இத்தாலியின் மாந்துவா நகரை ஆண்ட கோமகனிடம் சொன்னவர் ஓவியர் ரூபன்ஸ். 1607இல் அது ரோமை விட்டுப் போகுமுன் மக்கள் பார்க்கக் காட்சிக்கு வைத்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்களைக் கூட்டிப்போன சுற்றுலாக்காரர்கள் மோனாலிசா கூட்டத்திலேயே முக்கால்வாசி நேரத்தைத் தின்றுவிட்டு, இந்தப் படத்தின் முன் "நடங்க, நடங்க" என்று விரட்டினார்கள். அவ்வளவு காசு வாங்கிக்கொண்டு இது நியாயமா? நீங்கள் போனால் குழுவோடு போகாதீர்கள்.