வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையும் வீட்டில் பேசும் மொழியும்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. வீட்டில் ஓயாமல் பேசுகிறாள். வகுப்பிலோ, எதைக் கேட்டாலும் ஒரு சொல்லுக்கு மேல் பதில் வருவதில்லை என்று ஆசிரியை சொல்கிறார். பள்ளியின் பயிற்றுமொழி வேறு, எங்கள் வீட்டு மொழி வேறு. நானும் கணவரும் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். எங்கள் பேச்சும் கொச்சையானதுதான். "வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசுங்கள், இல்லாவிட்டால் பின்தங்கிவிடுவாள்" என்கிறார்கள். அந்த மொழி எங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எங்கள் பேச்சுதான் அவள் படிப்பைக் கெடுக்கிறதா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வீட்டு மொழியை விட்டுவிடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் பின்னால் வருகிறது. அரைகுறையாகத் தெரிந்த மொழிக்கு மாறும் தாயின் பேச்சு சுருங்கிவிடும். கதை சொல்வது நிற்கும், காரணம் விளக்குவது நிற்கும், நையாண்டி நிற்கும்; "வா, உட்கார், எழுது, தூங்கு" என்ற ஏவல்கள் மட்டுமே மிஞ்சும். பள்ளி மொழி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே வீட்டில் இருந்த நல்ல பேச்சு வெளியேறிவிடும்.

அதற்காக ஆசிரியையின் கவலை ஆதாரமற்றது என்று சொல்லவும் முடியாது. குடும்பப் பின்னணிக்கும் பள்ளித் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்டு 1966இல் வெளியான அரசு ஆய்வு, பள்ளிகளின் வசதி வேறுபாட்டைவிட மாணவர்களின் குடும்பப் பின்னணியே அவர்களது தேர்ச்சி வேறுபாட்டோடு நெருக்கமாக இணைந்திருப்பதைக் காட்டியது. இந்தத் தொடர்பு பல வழிகளில் ஏற்படுகிறது: அமைதியாகப் படிக்க இடமின்மை, அடிக்கடி வீடு மாறுதல், உடல்நலக் குறைவால் விடுப்பு எடுத்தல் போன்றவை. இவை முக்கியமானவையே என்றாலும், நீங்கள் கேட்டிருப்பது மொழியைப் பற்றி என்பதால் அதற்கே வருகிறேன்.

லண்டனில் பணியாற்றிய சமூகவியலாளர் பேசில் பெர்ன்ஸ்டைனும் அவரது குழுவினரும் 1960களில் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் சில படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்கள். சிறுவர்கள் பந்து விளையாட, அது ஒரு வீட்டின் ஜன்னலுக்குள் போய்விடுகிற கதை. நடுத்தர வர்க்கப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்பட்டது, "மூன்று பையன்கள் விளையாடுகிறார்கள், அதில் ஒருவன் உதைத்த பந்து ஜன்னலை உடைத்துவிட்டது" என்ற பாணி. இது படத்தைப் பார்க்காதவருக்கும் புரியும். உழைக்கும் வர்க்கப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்பட்டது, "அவங்க விளையாடுறாங்க, அவன் உதைக்கிறான், அது அங்க போய் உடைச்சிடுது" என்ற பாணி. படம் கையில் இருந்தால்தான் இது புரியும். இரண்டிலும் நிகழ்வுகள் ஒன்றே, அவற்றின் வரிசையும் ஒன்றே. எதிரில் இருப்பவரும் அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது 'அவன்', 'அங்க' என்று சொல்வதில் பிழை ஏதுமில்லை. சொல்லப்போனால் அதுவே சிக்கனமான பேச்சு. ஆனால், பள்ளி எதிர்பார்ப்பது படத்தைப் பார்க்காதவருக்குச் சொல்லும் பேச்சை. தேர்வுத்தாளே முகம் தெரியாத ஒருவருக்கு எழுதப்படும் விளக்கம்தானே! ஏழைப் பிள்ளைகளுக்கு மொழியே குறைவு என்று இந்த ஆய்வைச் சிலர் புரிந்துகொண்டது பெருந்தவறு.

அந்தத் தவறை மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1969இல் வன்மையாக மறுத்தார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த எட்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன், முறையான நேர்காணலில் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டான். பிறகு, நேர்காணல் செய்தவர் உருளைக்கிழங்கு வறுவலும் சிறுவனின் நண்பனுமாக வந்து தரையில் அமர்ந்து பேச்சைத் தொடங்கியபோது, அதே சிறுவன் நண்பனோடு போட்டி போட்டுக்கொண்டு பேசினான். மாறியது அவனுடைய மொழியன்று, சூழல். உங்கள் மகள் வீட்டில் ஓயாமல் பேசுகிறாள் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் அதனால்தான் முக்கியமான தகவலாகக் கொள்கிறேன்.

கேள்வி கேட்கும் முறையும் பிள்ளையின் வாயை அடைக்கக்கூடும். ஒரு வகுப்பில் ஆசிரியர் சிவப்புப் பந்தைத் தூக்கிக் காட்டி, "இது என்ன நிறம்?" என்று கேட்டபோது பேசாமல் நின்ற ஒரு சிறுமியிடம், இடைவேளையில் காரணம் கேட்டேன். "சாருக்கே தெரியுமே, என்னை எதுக்குக் கேக்கறாரு?" என்றாள். அமெரிக்காவின் கரோலைனா பகுதியில் பல ஆண்டுகள் குடும்பங்களோடு பழகி ஆராய்ந்து 1983இல் நூல் வெளியிட்ட ஷெர்லி பிரைஸ் ஹீத்தும் இதையே விரிவாகக் காட்டினார். விடை தெரிந்துகொண்டே பிள்ளையைச் சோதிக்கும் கேள்வி சில வீடுகளில் தொட்டில் பருவத்திலிருந்தே பழக்கம். வேறு சில வீடுகளிலோ, தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் கேள்வி. இரண்டாம் வகை வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு வகுப்பறைக் கேள்வி ஒரு புதிராகவே தோன்றும்.

உங்களை யாராவது "மூன்று கோடிச் சொல் இடைவெளி" என்று சொல்லியும் பயமுறுத்தலாம். 1995இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, வசதியான குடும்பத்துப் பிள்ளைக்கும் அரசு உதவியில் வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கும் இடையே, நான்கு வயதுக்குள் காதில் விழும் சொற்களில் அவ்வளவு வேறுபாடு உண்டு என்று கணக்கிட்டது. ஆனால், ஆராயப்பட்டவை 42 குடும்பங்கள் மட்டுமே. அவற்றில் அரசு உதவி பெற்றவை ஆறுதான். 2018இல் வெளியான மறு ஆய்வில், சுற்றியிருப்பவர்களின் பேச்சையும் சேர்த்து எண்ணியபோது அந்த இடைவெளி அப்படியே தென்படவில்லை. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வோ, காதில் விழும் சொற்களின் எண்ணிக்கையைவிட, பிள்ளையும் பெரியவரும் மாறி மாறிப் பேசும் உரையாடலே பிள்ளையின் மொழித்திறனோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டியது. அத்தகைய உரையாடலுக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை.

அடுத்தது, பயிற்றுமொழி வேறாக இருப்பது. கனடாவின் ஜிம் கம்மின்ஸ் வகுத்துக்காட்டிய ஒரு வேறுபாடு பெற்றோருக்கு மிகவும் பயன்படும். புதிய மொழியில் விளையாடவும் அரட்டையடிக்கவும் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போதும்; அதே மொழியில் பாடம் படித்து, காரணம் எழுதி, சக மாணவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகலாம். "சரளமாகப் பேசுகிறாளே, கணக்கில் ஏன் தடுமாறுகிறாள்?" என்ற குழப்பத்துக்கு விடை இதில் இருக்கிறது. "அக்காவிடம் 12 பென்சில்கள் உள்ளன, அவை தம்பியிடம் உள்ளவற்றைவிட 5 அதிகம், தம்பியிடம் எத்தனை?" என்ற கணக்கில் 'அதிகம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 17 என்று எழுதும் பிள்ளைக்குக் கழித்தல் தெரியாமல் இல்லை, அந்தத் தொடரின் முடிச்சுதான் அவிழவில்லை. ஒரு மொழியில் இந்த முடிச்சை அவிழ்க்கக் கற்றவள் அடுத்த மொழியிலும் அவிழ்ப்பாள். தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே ஏற்றது என்று யுனெஸ்கோவும் 1953இலேயே பரிந்துரைத்தது.

'கொச்சை' என்று நீங்கள் எழுதியது என்னை உறுத்தியது. பேச்சுக்கு ஒரு வடிவமும் எழுத்துக்கு ஒரு வடிவமும் கொண்ட மொழிகள் பல உண்டு. அரபும் தமிழும் அப்படியே. எழுத்து வடிவத்தைப் பிள்ளை கற்கத்தான் வேண்டும், ஆனால் வீட்டு வடிவத்தை இழந்து கற்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரப் பள்ளி ஒன்றைப் பற்றிய வழக்கில் 1979இல் வந்த தீர்ப்பில், கறுப்பினப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைக் கணக்கில் எடுத்துக்கொண்டே வாசிப்பைக் கற்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் பள்ளி நிர்வாகத்துக்கு உத்தரவிட்டது. அச்சிட்ட சொல்லைத் தன் வீட்டு உச்சரிப்பில் படிக்கும் பிள்ளை, அதைப் புரிந்துகொண்டுதான் படிக்கிறது.

இனி, நீங்கள் செய்யக்கூடியவை. தினமும் ஐந்து நிமிடம், பாட்டியிடமோ சித்தியிடமோ அவளைத் தொலைபேசியில் பேசவிடுங்கள். காணொலி அழைப்பு வேண்டாம். கையால் சுட்டிக்காட்ட முடியாத இடத்தில் 'அது', 'இங்க' என்பவை செல்லாது. "எதுடீ?" என்று பாட்டி கேட்கக் கேட்க, "ஜன்னல் ஓரம் இருந்த நீலப் பை" என்று தானாகவே பெயர் சொல்வாள். பள்ளி கேட்கும் பேச்சுக்கு இதைவிட இயல்பான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. "ஆமாம்", "இல்லை" என்று முடிந்துவிடும் கேள்விகளைக் குறைத்து, "அப்புறம் என்ன ஆச்சு?", "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுங்கள். பெரும்பாலோர் தவறுவது பொறுப்பதில்தான். விடை தெரிந்துகொண்டே கேட்கும் கேள்விகளையும் 'டீச்சர் விளையாட்டு' என்று பெயர் வைத்து விளையாடலாம். ஒருநாள் நீங்கள் ஆசிரியை, மறுநாள் அவள்.

பள்ளி மொழிப் புத்தகத்தை அவளே உங்களுக்குப் படித்துக் காட்டி, கதையை வீட்டு மொழியில் சொல்லட்டும். ஆசிரியையிடம் இரண்டு உதவிகள் கேளுங்கள்: கேள்வி கேட்டதும் சில நொடிகள் காத்திருப்பது, முழு வகுப்பின் முன் கேட்பதற்கு முன்னால், பக்கத்துப் பிள்ளையோடு பேசிப்பார்க்க வாய்ப்புத் தருவது. அடுத்த வாரப் பாடத்தின் தலைப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விதை முளைப்பது பாடமென்றால், முந்தைய நாள் வீட்டில் நான்கு பயறுகளை ஈரத்துணியில் முடிந்து வைத்து அதைப் பற்றி உங்கள் மொழியில் பேசிவிட்டால், மறுநாள் அவள் புதிதாகக் கற்க வேண்டியது சில சொற்களை மட்டுமே.

வீட்டு மொழியிலும் பேச்சு குன்றினாலோ, கூப்பிட்டது காதில் விழாததுபோல் இருந்தாலோ செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். பள்ளியில் அந்த ஒற்றைச் சொல்லும் நின்று, முழு மௌனம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அது மொழிச் சிக்கலாக இல்லாமல் பதற்றமாகவும் இருக்கலாம். அப்போது குழந்தை உளவியலாளரைப் பாருங்கள்.