கடைசி வீட்டில் யார் இருந்தார்கள்?

கேள்வி: ஸ்டாலின்கிராடில் ரஷ்யர்கள் செய்ததுபோல் 1942ல் பிரிட்டிஷ் படையும் கடைசி வீடு வரை போராடியிருந்தால், சிங்கப்பூர் தப்பித்திருக்கும் அல்லவா?
- ஒரு வாசகர், ஈசூன்

பதில்: தப்பித்திருக்குமா என்பதை ராணுவ நிபுணர்கள் பேசட்டும். உங்கள் ‘கடைசி வீடு’தான் என்னை உறுத்துகிறது ஐயா. 1942 பிப்ரவரி 10ஆம் தேதி சர்ச்சில் அனுப்பிய உத்தரவும் இதையேதான் சொன்னது: என்ன ஆனாலும் இறுதிவரை போரிடுங்கள், தளபதிகளும் படையோடு சாகட்டும். அவர் இருந்தது லண்டனில்.

ஸ்டாலின்கிராடின் தானியக் கிடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 செப்டம்பரில் சுமார் ஐம்பது சோவியத் வீரர்கள் அதைப் பல நாள் விடாமல் பிடித்திருந்தார்கள். உள்ளே கோதுமை பற்றி எரிகிறது, புகையில் எதிரி தெரிவதில்லை, சத்தம் வந்த பக்கம் சுடுகிறார்கள். இயந்திரத் துப்பாக்கி சூடாகாமல் இருக்கவும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். துப்பாக்கிக்கா, தொண்டைக்கா? கடைசியில் இரண்டுக்கும் இல்லை. பக்கத்திலேயே வோல்கா ஓடுகிறது!

சிங்கப்பூரிலும் தண்ணீர்தான். ஜொகூரிலிருந்து வந்த குழாய், ஜனவரி 31ல் கடற்பாலத்தைத் தகர்த்தபோதே போய்விட்டது. அப்புறம் நீர்த்தேக்கங்களும் ஜப்பானியர் கைக்குப் போயின. குண்டு விழுந்து குழாய்கள் உடைந்து, இருந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரும் வீணாக ஓடியது. நகருக்குள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் அடைந்து கிடந்தார்கள். பிப்ரவரி 15 காலை ஃபோர்ட் கேனிங்கில் தளபதிகளைக் கூட்டிய பிரிட்டிஷ் படைத் தலைவர் பெர்சிவல், அன்று மாலையே சரணடைந்தார்.

தீவின் வடகரையில் அரண் கட்டாமல் விட்டதற்கு அவரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். கடைசி வீடு வரை போகவில்லை என்று மட்டும் திட்டாதீர்கள். அந்த வீடுகளில் இருந்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திரும்பத் திரும்பச் சொல்வதுதான், இருந்தாலும் விடமாட்டேன். அன்று சரணடைந்தவர்களில் பெரும்பகுதி இந்திய வீரர்கள். பிப்ரவரி 17ல் ஃபேரர் பார்க் திடலில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒன்றுதிரட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். கிராஞ்சி போர் நினைவிடச் சுவர்களில், கல்லறைகூட இல்லாமல் போனவர்களின் பெயர்கள் 24,000க்கு மேல் இருக்கின்றன. அவற்றிலும் இந்தியப் பெயர்கள் ஏராளம். சரணடைந்த நாளை நினைவுகூரும் முழுமைத் தற்காப்பு தினத்தன்று பிள்ளைகளுக்குச் சரணடைந்த மேசையையும் நாற்காலியையும் காட்டினால் போதாது. கிராஞ்சிக்குக் கூட்டிப் போய், அந்தப் பெயர்களில் பத்தையாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.