தங்கையை மகளிர் மருத்துவரிடம் எப்படி அழைத்துச் செல்வது?

கேள்வி: என் தங்கைக்கு 22 வயது, திருமணமாகவில்லை. மாதவிடாயின் முதல் இரண்டு நாட்கள் வலியால் சுருண்டு படுத்துவிடுகிறாள். பல மாதங்களாக 50 நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. மகளிர் மருத்துவரிடம் போகலாம் என்றால், “கர்ப்பிணிகள் போகிற இடத்தில் எனக்கென்ன வேலை? பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?” என்கிறாள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: “உடம்பைக் கவனித்துக்கொள்” என்று மீண்டும் மீண்டும் வற்புறுத்துவதால் உங்கள் தங்கையின் கூச்சம் குறையாது. மருத்துவரின் அறைக்குள் என்ன கேட்பார்கள், என்ன செய்வார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், தயங்கும் பெண்களில் பலர் தாமாகவே கிளம்பிவிடுவார்கள். ஆகவே அதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் சந்திப்பின் பெரும்பகுதி பேச்சிலேயே கழியும். கடைசியாக மாதவிடாய் வந்த தேதி, அது நீடிக்கும் நாட்கள், ஒரு நாளில் மாற்றும் நாப்கின்களின் எண்ணிக்கை, முகத்தில் பருவோ ரோமமோ கூடியிருக்கிறதா என்பன போன்றவற்றைக் கேட்டு, எடையும் ரத்த அழுத்தமும் பார்த்து, தேவையானால் தைராய்டு உள்ளிட்ட ரத்தப் பரிசோதனைகளை எழுதித் தருவார்கள். ஸ்கேன் வேண்டியிருந்தால், நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் முட்டும் நிலையில், அடிவயிற்றின் மேல் ஜெல் தடவியே எடுத்துவிடலாம். இவ்வயதில் இத்தகைய தொல்லைகளுக்கு உள் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது. தேவை என்று மருத்துவர் சொன்னாலும், காரணம் கேட்கவும் மறுக்கவும் தங்கைக்கு உரிமை உண்டு.

உடலுறவு பற்றிய கேள்வியும் வரக்கூடும். சரியான பரிசோதனையைத் தேர்ந்தெடுக்க உதவும் கேள்வி அது. நடத்தையை எடைபோடுவதற்காகக் கேட்கப்படுவதில்லை. அந்தச் சில நிமிடங்கள் அறைக்கு வெளியே காத்திருப்பதாக நீங்களே முன்வந்து சொல்லுங்கள். வீடு திரும்பிய பின் உள்ளே என்ன பேசினாள் என்று துருவிக் கேட்காதீர்கள். அக்கா கூட வருகிறாள், ஆனால் வேவு பார்க்கமாட்டாள் என்ற நம்பிக்கை அவளுக்குப் பெரிய துணை. மருத்துவமனைகளும் மாற வேண்டும்: “கல்யாணம் ஆகிவிட்டதா?” என்று வரவேற்பறையில் நாலு பேர் முன்னால் உரக்கக் கேட்கும் வழக்கமே பல பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறது.

திருமணத்துக்கும் இந்தச் சிகிச்சைக்கும் தொடர்பில்லை. அமெரிக்க மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு, மகளிர் மருத்துவருடனான முதல் சந்திப்பை 13 முதல் 15 வயதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறது. வயதுவந்த பெண்ணுக்கு மாதவிடாய்ச் சுழற்சி 21 முதல் 35 நாட்களுக்குள் இருப்பதே இயல்பு. தொடர்ந்து 50 நாட்கள் ஆனால் தைராய்டு கோளாறோ, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறும் பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோ காரணமாக இருக்கலாம். படுக்கையில் தள்ளும் வலிக்குப் பின்னால், கருப்பையின் உட்புறச் சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கவும் வாய்ப்புண்டு. இவை அனைத்துக்கும் சிகிச்சை உண்டு.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தங்கையிடமே விடுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தைத் தொலைபேசியில் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். கடந்த சில மாதத் தேதிகளையும் வலியின் கடுமையையும் அவள் குறித்துவைத்துக் கொண்டு போகட்டும். மணிக்கொரு நாப்கின் நனையும் அளவுக்கு உதிரப்போக்கு தொடர்ந்தாலோ, மயக்கம் வந்தாலோ, முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.