அப்பா வீட்டுக்குப் போய் வந்தால் மகள் வாயே திறப்பதில்லை

வணக்கம். எனக்கு விவாகரத்தாகி ஒரு வருடம் ஆகப் போகிறது. எட்டு வயது மகள் என்னோடு இருக்கிறாள், சனி ஞாயிறு அவள் அப்பாவிடம் போய் வருவாள். வந்ததும் "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டால் "போர்" என்பாள், அதோடு சரி. போன வாரம் அவள் பையைத் துவைக்க எடுத்தேன், அடியில் நோட்டுக்குள் நாலாக மடித்த ஒரு படம், அவளும் அப்பாவும் பட்டம் விடுகிற மாதிரி. அதை ஏன் என்னிடம் மறைக்க வேண்டும்? அவரைப் பற்றி அவள் முன்னால் நான் தப்பாகப் பேசியதே இல்லை. கொஞ்ச நாளாகப் படுக்கையை வேறு நனைக்கிறாள், பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலி என்கிறாள். எனக்கும் தூக்கமில்லை. பிரியலாம் என்று முடிவெடுத்தவளே நான்தான், அப்புறம் ஏன் இப்படி அழுகை வருகிறது? என் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு, நிச்சயமாக இல்லை. பிரிவைவிட, பெற்றோருக்குள் ஓயாமல் நடக்கும் சண்டைதான் பிள்ளைகளை அதிகம் பாதிக்கிறது.

அங்கே சந்தோஷமாக இருந்ததாகச் சொன்னால் உங்கள் மனசு நோகும் என்று மகள் நினைத்திருக்கலாம். நீங்கள் வாயால் சொல்லாததையும் பிள்ளைகள் முகத்தில் படித்துவிடுவார்கள். படத்தைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். கிளம்பும்போதே "ஜாலியா இருந்துட்டு வா, அம்மாவுக்கும் சந்தோஷம்தான்" என்று சொல்லி அனுப்புங்கள், வந்ததும் எதுவும் விசாரிக்காமல் அவள் போக்கில் விடுங்கள். தன்னால்தான் அம்மாவும் அப்பாவும் பிரிந்தார்கள் என்று இந்த வயதில் பல பிள்ளைகள் ரகசியமாக நம்புவதுண்டு. "நீ செஞ்ச எதனாலயும் இது நடக்கல" என்பதை ஒரு தடவை சொன்னால் போதாது, அவ்வப்போது சொல்லுங்கள்.

படுக்கையை நனைப்பதற்குத் திட்ட வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வயிற்று வலியும் நடிப்பு என்று நினைக்காதீர்கள், மனக் கலக்கத்தால் நிஜமாகவே வயிறு வலிக்கும். வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

உங்கள் அழுகைக்கு வருகிறேன். 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் வாழ்க்கையின் நெருக்கடிகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். துணையின் மரணத்துக்கு 100, அடுத்த இடத்தில் விவாகரத்துக்கு 73. முடிவெடுத்தது நீங்களே என்றாலும், இப்படி வாழப் போகிறோம் என்று கட்டி வைத்த ஒரு வாழ்க்கை கைவிட்டுப் போயிருக்கிறது, அதற்கு அழத்தான் வேண்டும். ஆனால் மகளிடம் கொட்டாதீர்கள், நம்பிக்கையான ஒரு தோழியிடம் அழுங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அவள் அப்பாவோடு பேச முடிகிறதென்றால், "நீ அம்மாகிட்ட சந்தோஷமா இரு" என்று அவரையும் மகளிடம் சொல்லச் சொல்லுங்கள்.