பட்டியல் போடும் பிள்ளையைப் பாராட்டுவதா, பயப்படுவதா?

கேள்வி: என் மகள் உயர்தரம் விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறாள். எதற்கும் பட்டியல் போடுவாள். முன்பு படிக்கிற பாடம், வாங்குகிற சாமான் என்று அளவாக இருந்தது. இந்த வருடம் பல் தீட்டுவது, தலை சீவுவது எல்லாம் பட்டியலில் வந்துவிட்டது. ஓர் எழுத்துப் பிசகினாலும் தாளைக் கிழித்துவிட்டு முதலில் இருந்து எழுதுகிறாள். படுக்கப் போகுமுன் பட்டியலை முழுதாக வாசிக்க வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் திரும்பவும் ஆரம்பம். "எல்லாம் எழுதிட்டனா அம்மா?" என்று கேட்டபடி இருப்பாள். பள்ளிக்கூடத்தில் இவளுடைய ஒழுங்கைக் காட்டி மற்றப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறார்களாம். கொப்பியைக் கிழித்து எறிந்தால் சரியாகிவிடும் என்கிறார் இவளின் அப்பா. பக்கத்து வீட்டு மாமி மந்திரித்துப் பார்வை பார்க்கச் சொல்கிறார். இது நல்ல பழக்கமா, கெட்ட பழக்கமா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: கொப்பியைக் கிழிக்க வேண்டாம். இதை இன்றைக்கே மகளின் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். ஓர் எழுத்துப் பிசகியதையே தாங்க முடியாமல் தவிக்கிற பிள்ளையிடம் முழுக் கொப்பியையும் பிடுங்கிக் கிழித்தால், அடுத்த நாளே இன்னொன்றை வாங்கி, விட்டுப்போனதை எல்லாம் நினைவில் இருந்து எழுத உட்காருவாள். உங்களுக்குத் தெரியாமல் எழுதுவாள். இப்போது கண்முன்னே நடப்பது பிறகு கதவுக்குப் பின்னால் நடக்கும்.

பட்டியல் போடுவதில் ஒரு குறையும் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியில், கல்லடியில், கல்முனையில், திருக்கோவிலில் கடல் ஏறி வந்தபோது வீட்டோடு சேர்ந்து காணி உறுதியும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் போனவர்கள் எத்தனை பேர்! பிறகு ஒவ்வொரு உதவிக்கும் அந்தக் கடதாசிகளைத்தானே கேட்டார்கள். மாரி தொடங்குமுன் அடையாள அட்டை, உறுதி, கிளினிக் கொப்பி என்று கையில் எடுக்க வேண்டியவற்றை எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டிவைப்பவரை நான் மெச்சுவேன். சத்திரசிகிச்சைக்கூடத்திலும் இதே கதைதான். நோயாளி யார், வெட்டப்போவது எந்தப் பக்கம், பஞ்சும் ஊசியும் எண்ணியாகிவிட்டதா என்று 19 விடயங்களைச் சரிபார்க்கும் பட்டியல் ஒன்றை உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்டது. எட்டு நாடுகளில் எட்டு வைத்தியசாலைகளில் அதைப் பரீட்சித்துப் பார்த்தபோது, சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மரணங்கள் 1.5 வீதத்தில் இருந்து 0.8 வீதமாகக் குறைந்தன. அனுபவம் உள்ள டொக்டருக்கும் மறதி வரும் என்பதை ஒப்புக்கொண்டதால் கிடைத்த பலன் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018 இல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 57 இளவயதினரை ஆய்வுகூடத்தில் தூங்க வைத்தார்கள். படுக்கைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் சிலர் வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள், மற்றவர்கள் செய்து முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முந்தித் தூங்கிப்போனார்கள். தாளில் இறக்கிவைத்த பிறகு மனம் அதைச் சுமக்கவில்லை.

உங்கள் மகளுக்கு நடப்பது இதற்கு நேர்மாறு என்பதைக் கவனித்தீர்களா? அவள் எழுதிய பிறகும் இறக்கிவைக்க முடியவில்லை. எழுதியதைக் காவல் காக்கிறாள். பட்டியல் அவளைத் தூங்க விடவில்லை. நல்லதா கெட்டதா என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவளால் அதை விட முடிகிறதா என்றுதான் நான் கேட்பேன். ஒரு நாள் பட்டியல் எழுதாமல் படுத்தால் அவளுக்கு என்ன ஆகும்? "அடச்சே, மறந்துபோனேன்" என்று சிரித்தால் அது பழக்கம். நெஞ்சு அடித்து, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயந்து, எழுந்துபோய் எழுதிவிட்டு வந்தால்தான் மூச்சு வருகிறது என்றால் அது வேறு.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட கைநூல் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. விலக்க முடியாத எண்ணங்களும், அவற்றை அடக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களும் ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தின்றால், அல்லது படிப்பையும் வீட்டு வாழ்க்கையையும் குழப்பினால், ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம் என்று டொக்டர்மார் பார்ப்பார்கள். பெரும்பாலும் இது சிறு வயதிலோ பதின்ம வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோதான் தலைகாட்டும். அதே கைநூலில் வேறொரு நிலையும் உண்டு. விபரம், விதி, பட்டியல், ஒழுங்கு என்று மூழ்கிப்போய், செய்ய வந்த காரியமே கைவிட்டுப் போகும் நிலை. உங்கள் மகளுக்கு எது, அல்லது இரண்டுமே இல்லையா என்பதைப் பத்திரிகையில் இருந்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வாசித்தால் டொக்டரிடம் காட்டியே ஆகவேண்டும் என்று எனக்குப் படுகிறது.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. "எல்லாம் எழுதிட்டனா?" என்று அவள் கேட்கும் ஒவ்வொரு தடவையும் "ஓம் மகள், எல்லாம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் அந்தப் பதில் சொறியைச் சொறிவது போலத்தான். ஒரு நிமிடம் சுகம், பிறகு கூடுதல் அரிப்பு. கேள்வி திரும்ப வரும். அதற்காகச் சடாரென்று வாயை மூடிக்கொண்டால் பிள்ளை தவித்துப்போவாள். அவள் அமைதியாக இருக்கிற நேரத்தில் பக்கத்தில் இருந்து பேசுங்கள். "நீ கேட்டால் ஒருதரம் சொல்வேன், பிறகு சொல்லமாட்டேன், ஆனால் பக்கத்திலேயே இருப்பேன்" என்று இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள். ஏச்சு வேண்டாம், பகிடியும் வேண்டாம்.

அவளுடைய ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் இவளைத் தூக்கிப் பிடிப்பதை நிறுத்துங்கள். மூன்று பாடத்தோடும் ரியூசனோடும் பல்கலைக்கழகம் போகத் தேவையான இசட் புள்ளியோடும் மல்லுக்கட்டுகிற பிள்ளை, நேர்கோட்டில் எழுதிய பட்டியலுக்காகக் கைதட்டு வாங்கும்போது, தனக்கு உதவி தேவை என்று எப்படி வாய் திறப்பாள்? கொப்பி அழகாக இருக்கிறது என்பதைப் பார்த்தீர்கள். அதை எழுதிய பிள்ளை எத்தனை மணிக்குப் படுத்தாள் என்றும் கேட்டிருக்கலாம்.

மாமி சொன்ன பார்வையைப் பற்றி: அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், நூல் கட்டினால் மனத்துக்கு ஆறுதல் என்றால் கட்டுங்கள். ஆனால் அதைச் செய்தாயிற்று என்று கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. போகுமுன் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. பயப்படுகிற காரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்கிற சரிபார்ப்பைச் செய்யாமல் இருக்கப் பழக்குவார்கள். உங்கள் மகளுக்கு அது, ஓர் எழுத்துப் பிழையான பட்டியலைத் திருத்தாமல் மூடிவைப்பதில் தொடங்கக்கூடும். தேவைப்பட்டால் மருந்தும் கொடுப்பார்கள்.

சோதனை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்வார்கள். ஊர் என்ன கதைக்கும், நாளைக்குக் கலியாணம் பேசும்போது என்ன சொல்வது என்றும் ஒரு பயம் வரும். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். பிள்ளை இரவிரவாகக் கண்விழித்துத் தவிப்பதை இன்னும் ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருக்க எந்தக் காரணமும் இல்லை. இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள்.