வெள்ளையாக விட்ட இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குன்னூரில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது நீலகிரி வரைபடம் ஒன்றை அண்ணன் எடுத்து வந்தார். துண்டு துண்டாக வெட்டித் துணியில் ஒட்டி மடித்தது. பிற்பாடு யாரோ கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அளவு, ஓர் அங்குலத்துக்கு 2 மைல். ஆண்டு இல்லை. மலையெல்லாம் கம்பளிப்பூச்சி படுத்திருப்பது போல இருக்கிறது. வெலிங்டன் உண்டு, ரயில் பாதை இல்லை. மாவட்ட எல்லை ஆக்டர்லோனி பள்ளத்தாக்கை உள்ளே வைத்துக்கொண்டு கூடலூரை வெளியே விடுகிறது. எல்லை நெடுகத் தீட்டிய பச்சை பழுப்பாகி, தாள் அங்கங்கே வெடித்திருக்கிறது. ஊட்டிக்கு மேற்கே பெரும்பகுதி வெறும் வெள்ளை. நடுவில் சில புள்ளிகள், பக்கத்தில் மந்து (தோடர் பழங்குடியின் குடியிருப்பு) என்று ஆங்கிலத்தில். எங்கள் ஹட்டியின் (படகர் ஊரின்) பெயரும் இருக்கிறது, எழுத்துதான் கோணல்.

எங்கள் தங்கும் விடுதியின் முன்னறையில் மாட்டலாம் என்கிறார் அண்ணன். அது அடிமைச் சாசனம், மாட்டக்கூடாது என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். அளந்து போட்ட படத்தில் என்னடா அரசியல் என்கிறார் சர்வே துறையில் இருந்து ஓய்வுபெற்ற மாமனார். யார் சொல்வது சரி? இதை வைத்து எங்கள் பழைய மேய்ச்சல் நிலத்தின் எல்லையைக் காட்ட முடியுமா?

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

உங்கள் மாமனாரும் மகனும் ஒரே விஷயத்தைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து பேசுகிறார்கள். தப்பாக அளந்த படம் எந்த அரசாங்கத்துக்கும் உதவாது. சரியாக அளந்ததால்தான் இந்தத் தாளை வைத்து வரி போட முடிந்தது, ரோடு வெட்ட முடிந்தது, நிலத்தைக் காபிக்காரருக்குக் கொடுக்க முடிந்தது. அதிகாரத்தைத் தேட வேண்டிய இடம் பிழைகளில் இல்லை, எதை அளக்க அனுப்பினார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் வயது. நீங்கள் எழுதிய விவரமே போதும். ஜக்கதளா பக்கம் ராணுவக் குடியிருப்பு வந்தது 1852-ஐ ஒட்டி, அதற்கு வெலிங்டன் என்று பெயர் வந்தது பிற்பாடு. கோயம்புத்தூரிலிருந்து நீலகிரி தனியாகப் பிரிந்தது 1868-இல். ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு மலபாரிலிருந்து இந்தப் பக்கம் வந்தது 1873-இல். கூடலூர் சேர்ந்த தென்கிழக்கு வயநாடு 1877-இல். குன்னூர் வரை ரயில் 1899, ஊட்டிக்கு 1908. ஆக, உங்கள் படம் காட்டும் நிலைமை 1873-க்கும் 1877-க்கும் நடுவே உள்ளது. ஆனால் இது விவரத்தின் வயதுதான், தாளின் வயது அல்ல. பழைய அச்சுக் கல்லிலிருந்து பிற்பாடும் அச்சடிப்பார்கள், இப்போது நகலும் எடுப்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். கோடுகள் சிறுசிறு வண்ணப் புள்ளிகளாக உடைந்தால் அது இக்கால நகல். செப்புத் தகட்டில் அச்சிட்டதானால் படத்தைச் சுற்றித் தகடு அமுங்கிய பள்ளம் விரலுக்குத் தட்டும். கல்லச்சில் அந்தப் பள்ளம் இருக்காது, அதனால் அது இல்லை என்று பயப்பட வேண்டாம். சட்டத்திலிருந்து எடுத்த பிறகு இருட்டில் புற ஊதா விளக்கு காட்டுங்கள். தாள் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் கலந்திருக்கிறது. 1950-ஐ ஒட்டித்தான் அது தாளில் பரவலாயிற்று.

பழுப்பான பச்சைதான் இருப்பதிலேயே நல்ல சாட்சி. அந்தக் காலத்து எல்லைப் பச்சையில் செம்பு இருந்தது. ஈரக்காற்றில் செம்பு தாளை மெல்ல எரிக்கும். முதலில் பின்பக்கம் பழுப்பு ஊறும், பிறகு கோட்டின்மேல் தாள் மொறமொறவென்று ஆகி வெடிக்கும். மலபாருக்கும் நீலகிரிக்கும் நடுவே அவர்கள் போட்ட எல்லை அந்தத் தாளையே அறுத்துக்கொண்டிருக்கிறது. அதை விரலால் தேய்க்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பச்சைகள் சிலவற்றில் ஆர்செனிக்கும் உண்டு. தொட்டால் கை கழுவிவிடுங்கள்.

இனி அந்த வெள்ளை. 1799-இல் திப்பு விழுந்ததும் இந்த மலை கம்பெனி கைக்கு வந்தது. 1802-இல் மெட்ராஸ் பரங்கிமலை அருகே சர்வேயர் லாம்டன் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து, அதன்மேல் நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கினார். 1812-இல் வில்லியம் கீஸ் என்ற சர்வேயர் இந்த மலைமேல் ஏறினார். 1821-22-இல் சர்வேயர் வார்டு முறையாக அளந்தார். 1847-இல் ஜான் ஆக்டர்லோனி மறுபடி அளந்தார். சிகரங்களுக்கு நடுவே கோணம் பார்ப்பது தியோடலைட். முக்கோணத்துக்குள் விவரம் நிரப்புவது பிளேன் டேபிள் என்ற வரைபலகையும் சங்கிலியும். சங்கிலி 66 அடி, 100 லிங்க். 80 சங்கிலி ஒரு மைல். சங்கிலி பிடித்தவர்கள், கொடி நட்டவர்கள், வழி காட்டியவர்கள் உள்ளூர் ஆட்கள். அவர்கள் பெயர் படத்தின் மூலையில் வராது.

நிரப்புகிறவருக்கு ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. ஊர் எங்கே, உழுத நிலம் எவ்வளவு, விறகுக்குக் காடு எங்கே, தண்ணீர் எங்கே, மாட்டு வண்டி ஏறுமா, பட்டாளம் தங்கத் தோதான மேடு எது. கேட்டதற்கெல்லாம் படத்தில் குறி உண்டு, கேட்காதது வெள்ளை.

இதில் கைவேலை நுணுக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. நீங்கள் கம்பளிப்பூச்சி என்று சொன்னது, சரிவு இறங்கும் திசையில் இழுத்த சிறு கோடுகள். சரிவு செங்குத்தாக இருந்தால் கோடு தடித்து நெருங்கும். சாய்வு குறைந்தால் மெலிந்து விலகும். பவானிப் பக்கத்துச் செங்குத்துச் சரிவில் மை வழியும். ஊட்டிக்கு மேற்கே அலை அலையாகப் போகும் புல்மேட்டில் கோடு போட ஒன்றுமில்லை. ஆகவே எருமை மேய்ந்த நிலம் முழுக்கத் தாளின் நிறத்திலேயே நின்றுவிட்டது. யாரும் சதி செய்து அதைக் காலியாக விட வேண்டியிருக்கவில்லை. பார்ப்பவர் கண் அந்த வெள்ளையை ஆளில்லாத இடம் என்று படித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

தோடரின் உரிமை பருவத்தில் இருந்தது. மழை குறையும் மாதங்களில் ஈரம் மிகுந்த மேற்கு மந்துகளுக்கு எருமைகளோடு போய்விடுவார்கள். சர்வே ஆட்கள் வெளியே வருவதும் மழையில்லாத அதே மாதங்களில்தான். பூட்டிய மந்து ஒரு புள்ளி ஆகும். மந்துக்கும் மந்துக்கும் இடையே உள்ள வழியும் மேய்ச்சலும் புள்ளிக்குள் அடங்காது. உங்கள் படகர் முன்னோர் கதையும் இதற்குப் பக்கத்தில்தான்: ஒரு துண்டைச் சில வருஷம் உழுது, பிறகு ஆறவிட்டு, அடுத்த துண்டுக்குப் போவார்கள். உழுததற்கு மட்டும் வரி கட்டும் அந்த ஏற்பாட்டைப் பழைய ஆவணங்கள் 'புர்த்தி' என்கின்றன. ஆறவிட்ட துண்டு அளக்க வந்தவர் கண்ணில் தரிசு. உங்கள் கண்ணேரிமுக்கில் பங்களா கட்டிய கலெக்டர் சல்லிவனே இந்த மண் தோடருக்குச் சொந்தம் என்று வாதாடியவர். மேலிடம் மேய்ச்சல் உரிமைக்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை. (அவரே ஊட்டியில் நிறைய நிலம் சேர்த்தார் என்பது வேறு விஷயம்.) பிறகு 1882-இல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. வெள்ளை பல இடங்களில் ரிசர்வ் காடானது. புல்மேட்டில் வாட்டில் மரமும் யூகலிப்டஸும் ஏறின.

அந்த மேட்டில் ஒரு துண்டுக்கு 1891 முதல் 1896 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த வென்லாக் பெயர் விழுந்து வென்லாக் டவுன்ஸ் ஆனது. டவுன்ஸ் என்பது தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் புல்மேட்டுக்கு அவர்கள் வைத்த சொல். இப்போது கூடலூர் ரோட்டில் போகிறவர்கள் ஷூட்டிங் மட்டம் என்கிறார்கள். ஊட்டி எல்க் ஹில்லில் எல்க் என்ற குளிர்நாட்டு மான் என்றைக்கும் இருந்ததில்லை. கடமானை வெள்ளைக்காரர் அப்படி அழைத்தார்கள், இன்று அங்கே முருகன் நிற்கிறார். உங்கள் படத்தில் உள்ள ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு நம் வாயில் தேய்ந்து ஓவேலி ஆகிவிட்டது. ஓவேலி பேரூராட்சி என்ற பலகையைப் பார்த்து யாரும் அதில் ஒரு சர்வேக் குடும்பம் ஒளிந்திருப்பதாக நினைக்க மாட்டார்கள். உங்கள் ஹட்டிப் பெயர் கோணலாக இருப்பதை இப்படிப் பாருங்கள்: படகர் சொன்னதைத் தமிழோ கன்னடமோ பேசும் ஒருவர் திருப்பிச் சொல்லி, அதை இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அந்த எழுத்தை வாய்விட்டுப் படியுங்கள். பழைய உச்சரிப்பு சில சமயம் அதில் மாட்டியிருக்கும்.

எல்லை காட்ட முடியுமா என்று கேட்டீர்கள். முடியாது. 2 மைல் ஓர் அங்குலம் என்றால் தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 127 மீட்டர். பேனா முனையின் தடிமனிலேயே ஒரு தேயிலைத் தோட்டம் போய்விடும். துணியில் ஒட்டும்போது துண்டுகளுக்கு நடுவே மடிப்புக்கு விட்ட இடைவெளி 2 மில்லிமீட்டர் இருந்தால், அங்கே கால் கிலோமீட்டர் கூடுதலாகிறது. தீர்க்கரேகையும் இடறும். அந்தக் காலத்து மெட்ராஸ் வரைபடங்கள் பெரும்பாலும் மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தை 80 பாகை 17 நிமிடம் 21 விநாடியில் வைத்துக் கணக்குப் போட்டவை. உண்மை சுமார் இரண்டரை நிமிடம் குறைவு. இங்கே அது ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். ஓரத்தில் அச்சிட்ட எண்களை நம்பினால் உங்கள் ஹட்டி அத்தனை தூரம் கிழக்கே போய் நிற்கும். நிலத்துக்கு வேண்டியது வேறு காகிதம்: 1880-களின் செட்டில்மென்ட் பதிவேடு, கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேடு, ஒவ்வொரு புலத்தின் அளவைப் படமான எஃப்.எம்.பி., கிராம வரைபடம். சர்வே எண்ணுக்கு எதிரே புறம்போக்கு என்றோ தரிசு என்றோ எந்த வருஷம் முதல் வருகிறது என்று பாருங்கள். எதைத் தாலுகா அலுவலகத்தில் கேட்பது என்று மாமனாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆனாலும் இன்றைய படத்தோடு பொருத்திப் பார்ப்பது சுவையான வேலை, மகனிடம் கொடுங்கள். அங்குலத்துக்கு 400 புள்ளியில் ஸ்கேன். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் துணித்துண்டு ஒவ்வொன்றையும் தனியாகப் பொருத்த வேண்டும், துண்டுக்கு ஆறு புள்ளியாவது. இந்திய சர்வே துறை வரைபடங்களில் ஊட்டி 58ஏ/11 தாளில் வரும், குன்னூர் 58ஏ/15-இல். தொட்டபெட்டா, ரங்கசாமி முடி, 1831-இல் திறந்த செயின்ட் ஸ்டீபன் சர்ச் போல நகராதவற்றைப் பிடிக்கட்டும். ஊட்டி ஏரிக்கரையைப் பிடிக்கக் கூடாது. பழைய ஏரியின் ஒரு பகுதியில்தான் இன்று பஸ் ஸ்டாண்டும் ரேஸ்கோர்ஸும் இருக்கின்றன. மலை ரோடுகளும் வேண்டாம், வளைவுகளை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். தின் பிளேட் ஸ்ப்ளைன் என்ற முறை எல்லாப் புள்ளியையும் இழுத்துப் பொருத்திப் பிழை பூஜ்யம் என்று காட்டும். அதில் ஏமாற வேண்டாம். தாளை வளைக்காத முதல்படிப் பல்லுறுப்பு முறையில் எந்தப் புள்ளி எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தால்தான் சர்வே எங்கே கவனமாக நடந்தது, எங்கே கேட்டு எழுதியது என்று தெரியும். அந்த மேற்கு வெள்ளையில் விலகல் எவ்வளவு வருகிறது என்பதை எனக்கும் எழுதுங்கள்.

மாட்டுவது நகலாக இருக்கட்டும். அசலைச் சட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பின்னால் ஹார்டுபோர்டு இருந்தால் அதன் அமிலம்தான் தாளைப் பழுப்பாக்குவதில் பாதி. செலோடேப், லேமினேஷன் இரண்டும் கூடாது. வெடித்த இடத்துக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும், அதையும் பழகிய கை செய்ய வேண்டும். அமிலமில்லாத அட்டைக்குள் படுக்கையாக வைத்து, கணப்பு எரியாத அறையில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை திறந்து பூஞ்சை பாருங்கள்.

நகலை இரண்டு மடங்கு பெரிதாக எடுத்து, விருந்தாளிகள் கண்ணில் படும் சுவரில் மாட்டுவதற்கு முன் ஒரு மாதம் ஹட்டியில் விரித்து வையுங்கள். அந்த வெள்ளையில் சோலைக்கும் ஊற்றுக்கும் மேட்டுக்கும் பெரியவர்கள் சொல்லும் பெயரைப் பென்சிலால் எழுதட்டும். மந்துக்காரர்கள் யாரும் பழக்கம் என்றால் அவர்களையும் கூப்பிடுங்கள். மை வேண்டாம், ஒருவர் சொன்னதை அடுத்தவர் நிச்சயம் மறுப்பார்.