லண்டன் வட்டாரத்தின் சாவுக் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

லண்டன் வட்டாரம் ஒன்றின் சுகாதார அதிகாரி 1900களில் எழுதிய ஆண்டறிக்கைகளை வாசித்தேன். புற்றுநோய்ச் சாவுகள் கூடிக்கொண்டே போகின்றன. அதிலும் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். ரசாயன உரமும் நெகிழியும் வராத காலத்தில் இது எப்படி?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

புற்றுநோய் அந்த ஊருக்குப் புதிதல்ல. மிடில்செக்ஸ் மருத்துவமனை 1792இலேயே அதற்கெனத் தனி வார்டு திறந்தது. ஆனால் எண்ணிக்கை ஏன் ஏறியது என்பதில் அக்கால மருத்துவர்களே இரண்டுபட்டு நின்றார்கள்.

1893இல் காப்பீட்டுக் கணக்கியலாளர் ஜார்ஜ் கிங்கும் பிரைட்டன் நகரச் சுகாதார அதிகாரி ஆர்தர் நியூஸ்ஹோமும் ஒரு காரியம் செய்தார்கள். ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரில் சாவுகள் உறுப்புவாரியாகப் பதிவாகியிருந்தன. அவற்றை இரண்டாகப் பிரித்தார்கள்: மார்பகம், கர்ப்பப்பை போலக் கண்ணுக்கோ கைக்கோ எட்டும் இடங்கள், வயிறு, ஈரல் போல உள்ளே மறைந்தவை. எட்டும் இடங்களில் ஏற்றமே இல்லை. ஏறியதெல்லாம் மறைந்த இடங்களில். அப்படியென்றால் கூடியதில் பெரும்பகுதி நோயல்ல, நோயைக் கண்டுபிடிக்கும் திறமை என்று முடிவுகட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. வெறும் கூட்டல் கழித்தலைக் கொண்டே ஒரு பெரிய பீதியைக் கேள்வி கேட்டார்கள்.

பெண்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. அவர்களைக் கொன்றவை பெரும்பாலும் மார்பகத்திலும் கர்ப்பப்பையிலும் வந்தவை. சான்றிதழில் தப்பாமல் பெயர் ஏறிவிடும். வயிற்றுப் புற்றால் செத்த கிழவரின் சான்றிதழிலோ 'மூப்பு' என்று எழுதி முடித்துவிட முடிந்தது. ஆகவே பெண்கள் கணக்கு உண்மைக்குச் சற்று நெருக்கமானது. அந்த எண்களுக்குப் பின்னால், வெட்கத்தால் கடைசிவரை மருத்துவரிடம் காட்டாமல் மறைத்த பெண்களும் இருந்திருப்பார்கள். அதை நினைத்தால் மனம் பதறுகிறது.

ஆனால் நியூஸ்ஹோமின் வாதத்தை எல்லாவற்றுக்கும் நீட்டக்கூடாது. அன்று மிக அரிதாக இருந்த நுரையீரல் புற்று, பின்னாளில் சிகரெட்டோடு சேர்ந்து உண்மையாகவே பெருகியது.

சாவை எண்ணினால் மட்டும் காரணம் தெரியாது. ஆங்கிலேய மருத்துவர் ஜேனட் லேன்-கிளேபன் 1926இல் மார்பகப் புற்று கண்ட சுமார் 500 பெண்களையும் அது இல்லாத சுமார் 500 பெண்களையும் ஒப்பிட்டார். திருமணம், பிள்ளைப்பேறு, தாய்ப்பால் என்று வாழ்க்கையை விசாரித்த பிறகுதான் காரணங்கள் துலங்கத் தொடங்கின.

உங்கள் அறிக்கைகளில் இரண்டைப் பாருங்கள். அங்கே பெரிய மருத்துவமனை இருந்ததா? இருந்தால், வெளியூரார் சாவுகளைக் கழித்திருக்கிறார்களா? வயதுவாரி, உறுப்புவாரி அட்டவணை இருந்தால் அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.